சம்பளப் பட்டியலில் நான்காவது கட்டம்

எங்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் முதல் கட்டம் வரிசை எண். இரண்டாவது பெயர், மூன்றாவது வேலை, நான்காவது 'ஜின்ஸியா', அதாவது ஆள் எந்த நாட்டுக்காரர் என்பது. சம்பளத் தொகை அதற்கு அப்புறம்தான் வரும். அந்த வரிசை தற்செயலாக அமைந்ததில்லை. ஒரே வேலைக்கு நாலு நாட்டுக்காரர்களுக்கு நாலு சம்பளம் என்பது அங்கே யாரும் ஒளித்துச் செய்த காரியம் இல்லை. மாயவரத்தில் பி.காம். படித்து, தட்டச்சில் ஹையர் தேறி, பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக 1978-இல் குவைத்துக்குப் போனவன் நான். ஒரு கட்டுமானக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, மாதம் தவறாமல் அந்த நான்காவது கட்டத்தை நிரப்பி வந்தேன். குவைத்தின் மக்கள்தொகையைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி அதுதான்.

நான் சேர்ந்த காலத்துப் பட்டியலில் மேல் வரிசைகளில் பாலஸ்தீனியர்கள் இருந்தார்கள். கையில் இருந்த பாஸ்போர்ட்டை வைத்து அவர்களை 'உர்துனி', ஜோர்டான்காரர், என்று எழுதுவோம். கீழே எகிப்தியர், சிரியர், இரானியர், பாகிஸ்தானியர். இந்தியர் அங்கொன்று இங்கொன்று. நான் வேலையை விட்டு வந்தபோது இந்தியர், வங்கதேசத்தார், இலங்கையர், எகிப்தியர். பாலஸ்தீனியர் ஒருவர்கூட இல்லை. நடுவில் நடந்தது ஒரு போர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். போர் நடந்தது உண்மைதான். ஆனால் அந்த மாற்றத்தைப் போர் தொடங்கி வைக்கவில்லை, வேகப்படுத்தியது என்பதே நான் பார்த்த வரையில் சரியான கணக்கு.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எண்ணெய்க்கு முந்தைய குவைத்துக்கு முத்துக்குளிப்பும் கப்பலோட்டமும்தான் பிழைப்பு. பஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு 'பூம்' என்ற பாய்மரக் கப்பல்கள் கராச்சிக்கும் பம்பாய்க்கும் கள்ளிக்கோட்டைக்கும் வரும். திரும்பிப் போகும்போது தேக்கும் கயிறும் அரிசியும் போகும். அந்தக் கப்பல்களைக் கட்டியதே மலபார்த் தேக்கில்தான். கடைத்தெருவில் செல்லுபடியான காசு இந்திய ரூபாய். 1959-இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. தினார் வந்தது 1961-இல். நான் போன காலத்தில்கூட குவைத் நகரின் மாலியாப் பக்கத்து வயதான வியாபாரிகள் சிலர் என்னிடம் உடைந்த இந்தியில் பேசினார்கள். எனக்கு அவர்களைவிடக் குறைவாகத்தான் இந்தி தெரியும்.

புர்கானில் 1938-இல் எண்ணெய் கண்டார்கள். உலகப்போர் வந்ததால் 1942-இல் கிணறுகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, 1946-இல்தான் முதல் கப்பலில் எண்ணெயை ஏற்றினார்கள். அந்த எண்ணெயை எடுத்தது பிரிட்டிஷ், அமெரிக்கக் கம்பெனிகள் பாதிப்பாதியாக நடத்திய குவைத் ஆயில் கம்பெனி. பாலைவனத்தில் அது அஹ்மதி என்று ஒரு ஊரையே எழுப்பியது. வடக்கே தோட்டம் வைத்த வீடுகளில் வெள்ளைக்காரர்கள். நடுவில் குமாஸ்தா, ஃபோர்மேன் வேலைக்கு வந்த இந்தியரும் பாகிஸ்தானியரும். தெற்கே அரபுத் தொழிலாளர். ரயில்வே காலனியில் வளர்ந்த எவருக்கும் அந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. பிரிட்டிஷ்காரன் எங்கே போனாலும் ஒரே வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

ஆனால் குவைத் என்ற நாட்டைக் கட்டியவர்கள் என்று ஒரு கூட்டத்தைக் காட்டச் சொன்னால் நான் பாலஸ்தீனியரைத்தான் காட்டுவேன். 1936-இலேயே நாலு பாலஸ்தீன ஆசிரியர்கள் வந்து அங்கே புதுமுறைப் பள்ளியை ஆரம்பித்து வைத்தார்கள். 1948-இல் ஊரையும் நிலத்தையும் இழந்த பிறகு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். படித்தவர்கள் விசாவோடு வந்து வாத்தியாராக, எஞ்சினியராக, டாக்டராக, கணக்கராக உட்கார்ந்தார்கள். படிக்காத விவசாயிகள் பஸ்ராவில் கடத்தல்காரனுக்குக் காசு கொடுத்து, கோடை வெயிலில் பாலைவனம் தாண்டி வந்தார்கள். வழியில் செத்தவர்களும் உண்டு. 1950-களில் குவைத்தில் வாத்தியாராக இருந்த பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி, காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லை கடக்கப் பார்த்து மூன்று பேர் இறந்துபோவதை 1963-இல் ஒரு குறுநாவலாக எழுதினார். பின்னாளில் பாலஸ்தீனத் தலைவரான யாசர் அரஃபாத் அக்காலத்தில் குவைத்தின் பொதுப்பணித் துறையில் எஞ்சினியர். அவருடைய ஃபத்தா இயக்கம் உருவானது குவைத்தின் வாடகை வீடுகளில்தான். கார்ட்டூனிஸ்ட் நாஜி அல் அலீ அங்கே 'அத்தலீஆ' பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்தார். பெய்ரூத்தையும் கெய்ரோவையும்தான் பாலஸ்தீனியரின் அறிவுத் தலைநகரங்கள் என்பார்கள். குவைத்தை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1967 போருக்குப் பிறகு கணவன்மார் தனியாக இருந்த இடங்களுக்கு மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை. ஆகவே அரசுப் பள்ளிக் கட்டடங்களிலேயே மாலை வேளையில் பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ. தன் பள்ளிகளை நடத்த குவைத் இடம் கொடுத்தது. 1976 வரை அது நடந்தது. பாலஸ்தீனியரின் சம்பளத்திலிருந்து 5 விழுக்காடு பிடித்து இயக்கத்தின் நிதிக்கு அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. இன்னொரு நாட்டின் விடுதலைக்காகத் தன் நாட்டில் வரி பிடித்துக் கொடுத்த அரசு அது. 1990-க்குப் பிறகு நடந்ததைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

அவர்கள் குடியிருந்தது ஹவல்லி, நுக்ரா, ஸால்மியா, ஃபர்வானியா பகுதிகளில். ஹவல்லிக்கு நான் அடிக்கடி போவேன். எங்கள் தலைமைக் கணக்கரின் வீடு துனிஸ் தெருவுக்குப் பின்னால் இருந்தது. பாலஸ்தீனத்தின் நாப்லூஸ்காரர். அவரை நாங்கள் எல்லோரும் 'உஸ்தாத்' என்போம். அவர் வீட்டில் ஆலிவ் எண்ணெய் டின்கள் கட்டிலுக்கடியில் வரிசையாக இருக்கும். வருஷா வருஷம் ஊரிலிருந்து வந்துவிடும். பிள்ளைகள் மூன்று பேரும் குவைத்தில் பிறந்தவர்கள். ஸஃதர் பொடியில் ரொட்டியைத் தொட்டுக்கொண்டே கணக்குப் புத்தகத்தில் என் பிழைகளைச் சிவப்புப் பேனாவில் வட்டமிடுவார். ஒருநாள் நான் விளையாட்டாக, "உஸ்தாத், இருபத்தைந்து வருஷமாக இருக்கிறீர்களே, பாஸ்போர்ட் கொடுக்கமாட்டார்களா?" என்று கேட்டேன். "எனக்கு வேலை இருக்கிற வரைக்கும் அகாமா இருக்கும். அகாமா இருக்கிற வரைக்கும் நான் இருப்பேன்" என்றார். அகாமா என்றால் தங்கும் அனுமதி. புகார் சொல்லும் குரலே இல்லை. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னார்.

1959-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 1920-க்கு முன்னாலிருந்தே குவைத்தில் குடியிருந்தவர்களையும் அவர்கள் வாரிசுகளையும்தான் மூலக் குவைத்திகளாக ஏற்றது. எண்ணெய்க் காசில் பங்கு குடியுரிமை உள்ளவருக்கு: இலவசப் படிப்பு, வைத்தியம், வீட்டு மனை, அரசாங்க வேலை. வெளியாள் நிலம் வாங்க முடியாது. சொந்தத் தொழில் தொடங்கினால் பாதிக்கு மேல் ஒரு குவைத்தி பெயரில் இருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. பாலைவனத்து நாடோடிகள் பலர் பதிவு செய்துகொள்ளாமல் விட்டு, 'பிதூன்' என்ற பெயரில் எந்த நாட்டுக்காரரும் ஆகாமல் நின்றுபோனார்கள். அவர்களில் நிறையப் பேர் ராணுவத்திலும் போலீஸிலும் வேலை பார்த்தார்கள் என்பது வேடிக்கை.

முதல் கணக்கெடுப்பு 1957-இல் நடந்தது. மொத்தம் 2 லட்சத்துச் சொச்சம். குவைத்திகள் 55 விழுக்காடு. 1965-இல் நாலரை லட்சத்துக்கு மேல். குவைத்திகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். 1985-இல் ஏறத்தாழ 17 லட்சம். இந்தக் கணக்கெடுப்பு ஒவ்வொன்றும் வெளிவரும்போது அங்கே ஒரு பதற்றம் உண்டாகும். சொந்த நாட்டில் நாம் சிறுபான்மை என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்த அச்சத்துக்கு அரசாங்கம் கண்ட மருந்து விசித்திரமானது. வெளியாட்களைக் குறைக்க முடியாது, வேலை நின்றுவிடும். ஆகவே எந்த வெளியாள் என்பதை மாற்றினார்கள்.

அரபிக்காரன் குடும்பத்தோடு வருவான், பள்ளிக்கூடம் கேட்பான், மொழி ஒன்று என்பதால் பத்திரிகை படிப்பான், அரசியல் பேசுவான், அவன் பேசுவதை உள்ளூர்க்காரன் கேட்பான். 1973-இல் எண்ணெய் விலை நாலு மடங்காக ஏறிக் கட்டட வேலைகள் பெருகியபோது, கொரியக் கம்பெனிகள் தங்கள் ஆட்களை முகாமோடு கொண்டுவந்து, வேலை முடிந்ததும் முகாமோடு கிளப்பிப் போனார்கள். அந்த முறை அதிகாரிகளுக்குப் பிடித்துப்போனது. இந்தியன், தாய்லாந்துக்காரன், வங்கதேசத்துக்காரன், பிலிப்பினோ என்று ஆள் தேட ஆரம்பித்தார்கள். நான் அப்படி வந்தவன்தான். இரண்டு வருஷ ஒப்பந்தம். குடும்ப விசாவுக்குச் சம்பளம் பற்றாது. மிர்காபில் ஒரு பழைய வீட்டின் அறையில் அடுக்குக் கட்டில். வெள்ளிக்கிழமை காலையில் மீன் வாங்கி ஆளுக்கொரு முறை சமையல். கீழத்தஞ்சை முஸ்லிம்கள் இதைச் 'சபுர்' என்பார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன தாத்தாக்களின் காலத்திலிருந்து புழங்கும் சொல். வருவதும் காசு சேர்ப்பதும் திரும்புவதும்தான் அதன் பொருள். அரபு அரசாங்கங்களுக்கும் அதேதான் வேண்டியிருந்தது.

எண்பதுகள் முழுக்க வடக்கே இரானும் இராக்கும் அடித்துக்கொண்டிருந்தன. இரவில் காற்று சாதகமாக இருந்தால் ஃபாவ் பக்கத்துப் பீரங்கிச் சத்தம் கேட்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் கேட்டதில்லை. நாங்கள் கண்டது வேறு. 1983 டிசம்பரில் அமெரிக்க, பிரெஞ்சுத் தூதரகங்களில் குண்டு; 1985 மே மாதம் அமீரின் கார் வரிசைமேல் தாக்குதல்; ஜூலையில் கடற்கரைக் காப்பிக் கடைகளில் குண்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு தெருவில் சோதனை, அடையாள அட்டையான 'பத்தாக்கா' எங்கே என்ற கேள்வி, பஸ்ஸில் ஏற்றி விமான நிலையம். இரானியரும் லெபனானியரும் ஆயிரக்கணக்கில் போனார்கள். எங்கள் பட்டியலில் இரானியத் தச்சர்களின் பெயர்கள் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் அடியோடு மறைந்தன. அவர்கள் இடத்துக்குக் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தச்சர்கள் வந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் 'தச்சர்' அப்படியே இருந்தது. நான்காவது கட்டம் மட்டும் மாறியது. நமக்கு அது நல்ல காலம். அந்த நல்ல காலத்தின் காரணத்தை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. ஜூலைச் சம்பளப் பட்டியல் தயாராகி, கையெழுத்தாகி, வங்கிக்குப் போகவேண்டியது என் மேசையில் கிடந்தது. விடியற்காலையில் இராக்கின் டாங்கிகள் ஊருக்குள் வந்துவிட்டன. அந்தப் பணம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அன்றைய நிலவரத்தில் ஒரு குவைத் தினாருக்கு ஏறத்தாழ 60 இந்திய ரூபாய். சில நாளில் அதை இராக் தினாருக்குச் சமம் என்றார்கள். பிறகு செல்லாது என்றே சொல்லிவிட்டார்கள். பத்து வருஷமாகச் சேர்த்தவன் கடையில் ஒரு டின் பால் பவுடர் வாங்கத் திண்டாடினான்.

அப்போது குவைத்தில் இருந்த இந்தியர்கள் சுமார் ஒன்றே முக்கால் லட்சம். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாதுக்கு வந்து இராக் அதிபர் சதாமைக் கட்டித்தழுவிய படத்தைப் பார்த்து உலகம் முகம் சுளித்தது. நாங்கள் சுளிக்கவில்லை. அந்தத் தழுவலால்தான் எங்களுக்குச் சாலை திறந்தது. குவைத்திலிருந்து பஸ்ரா, பஸ்ராவிலிருந்து பாக்தாத், அங்கிருந்து மேற்கே ஜோர்டான் எல்லை வரை பஸ். ஆளுக்கு இத்தனை என்று பஸ்காரன் டாலரில் கேட்டான். டாலர் இல்லாதவர்கள் கைக்கடிகாரத்தையும் டேப்ரெக்கார்டரையும் கொடுத்தார்கள். எல்லையைத் தாண்டியதும் ருவைஷித் பக்கத்துப் பாலைவனத்தில் கூடாரங்கள். எகிப்தியர், வங்கதேசத்தார், பிலிப்பினோக்கள், இலங்கையர், நாங்கள். பகலில் நெருப்பு, ராத்திரியில் குளிர், எந்நேரமும் தண்ணீருக்கு வரிசை.

இலங்கையர் குவைத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். எஜமானர்கள் சவூதிக்கு ஓடிப்போக, பூட்டிய வீட்டில் தனியாக அகப்பட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் உதவியில் வெளியே வந்தவர்கள் பலர். கூடாரத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் காத்தான்குடிக்காரி. குவைத் விழுந்த மறுநாள், ஆகஸ்ட் 3, அவள் ஊரில் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். யாரோ ஒருவர் டிரான்சிஸ்டரில் பிபிசி தமிழோசை கேட்டுச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. "நாநா, எங்கட காக்காக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க, உயிரோட இருந்தா பதில் போடச் சொல்லி" என்றாள். அண்ணனைத்தான் அவர்கள் காக்கா என்பார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவேண்டிய முகவரி என்று எதைப் போடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொழும்பில் இறங்கினால் போதுமா, மட்டக்களப்புக்குச் சாலை உண்டா என்று அவளுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அம்மானிலிருந்து எங்களை ஏர் இந்தியா கொண்டுவந்தது. 59 நாளில் 488 விமானங்கள். ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள். பயணிகள் விமானங்களை வைத்து நடத்திய மீட்பில் அதுவரை உலகம் கண்டதில் பெரியது. 2016-இல் 'ஏர்லிஃப்ட்' என்ற இந்திப் படம் வந்தது. ஒரே தொழிலதிபர் எல்லோரையும் மீட்டதுபோலக் காட்டினார்கள். விமானம் ஓட்டியவர்களும், தூதரக குமாஸ்தாக்களும், கூடாரத்தில் பெயர்ப்பட்டியல் எழுதிய நம்மவர்களும் அதில் காணாமல் போனார்கள். பட்டியல் எழுதுவதெல்லாம் படத்தில் நன்றாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பம்பாயில் இறங்கி, தாதர் எக்ஸ்பிரஸ் பிடித்து, மாயவரம் வந்து சேர்ந்தபோது என்னிடம் இருந்தது பாஸ்போர்ட்டும் ஒரு கைப்பையும்.

எங்களுக்குப் போக ஊர் இருந்தது. உஸ்தாதுக்கு?

போருக்கு முன் குவைத்தில் பாலஸ்தீனியர் மூன்றரை லட்சத்துக்கும் நாலு லட்சத்துக்கும் இடையில். அரஃபாத் சதாம் பக்கம் சாய்ந்தார். குவைத்திகள் அதை மன்னிக்கவே இல்லை. முப்பது வருஷம் சோறு போட்ட வீட்டுக்கா இப்படி என்று கேட்டார்கள். இராக்கியரோடு சேர்ந்து சோதனைச் சாவடியில் நின்ற பாலஸ்தீனியர் இருந்தார்கள். குவைத்தி எதிர்ப்புக் குழுக்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்தவர்களும், அதற்காக இராக்கியரால் கொல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்கு ரொட்டி தேடியவர்கள். ஆக்கிரமிப்புக் காலத்திலேயே பாதிப்பேர் ஜோர்டானுக்குக் கிளம்பிவிட்டார்கள். 1991 பிப்ரவரி 26-இல் குவைத் மீண்டபின் மீதிப்பேருக்கு நேரம் வந்தது. ஹவல்லியிலும் நுக்ராவிலும் வீடு வீடாகச் சோதனை, கடத்தல், சித்திரவதை. ராணுவச் சட்டத்தின் கீழ் விசாரணைகள். மனித உரிமை அமைப்புகள் அவற்றை விவரமாகப் பதிவு செய்திருக்கின்றன. பிறகு சத்தமில்லாத முறை: அகாமாவைப் புதுப்பிக்க மாட்டோம், அரசு வேலையில் திரும்பச் சேர்க்கமாட்டோம். ஓரிரு வருஷத்தில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ முப்பதாயிரம். அவர்களில் கணிசமானோர் காஸாக்காரர்கள். எகிப்து கொடுத்த பயண ஆவணம் மட்டும் வைத்திருந்தவர்கள். எகிப்தும் உள்ளே விடாது, ஜோர்டானும் விடாது, இஸ்ரேலும் விடாது.

இதே காலத்தில் சவூதி அரேபியா யேமன்காரர்களின் சலுகைகளைப் பறித்ததும், ஏழெட்டு லட்சம் பேர் ஊர் திரும்பியதும் தனியாக எழுதவேண்டிய கதை. யேமன் அரசு போரை எதிர்த்து ஐ.நா.வில் எடுத்த நிலைக்கு யேமனின் பேக்கரிக்காரனும் தையற்காரனும் விலை கொடுத்தார்கள்.

நான் 1992-இல் திரும்பிப் போனேன். இராக்கியர் கொளுத்திய அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளை அணைத்து முடித்திருந்தார்கள். கடைசிக் கிணறு அணைந்தது 1991 நவம்பரில். சுவரெல்லாம் கரி. கம்பெனி புதிய பெயரில், புதிய கட்டடத்தில். உஸ்தாத் அம்மானில் இருப்பதாகச் சொன்னார்கள். குவைத்திலிருந்து ஜோர்டானுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சம் பேர். அந்த நாட்டின் ஜனத்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சேமிப்பை வைத்து அவர்கள் கட்டிய வீடுகளால் மேற்கு அம்மானே மாறிப்போனது. அவரும் அங்கே ஒரு மாடி வீட்டில் இருந்தார். ஒரு கடிதம் எழுதினார்: பிள்ளைகள் குவைத் உச்சரிப்பில் அரபி பேசுவதால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று. கடைசியில், பழைய பேரேடுகள் எரியாமல் இருக்கின்றனவா என்று விசாரித்திருந்தார். அவருக்குச் சேரவேண்டிய பணிக்கொடை அதில்தான் இருந்தது.

அவர் நாற்காலியில் ஒரு எகிப்தியர் இருந்தார். அடுத்த நாற்காலியில் நான். எனக்குப் பதவி உயர்வு; சம்பளம் ஒன்றரை மடங்கு. ஹவல்லியில் வாடகை பாதியாகிக் கிடந்ததால், மிர்காப் அறையை விட்டுவிட்டு இரண்டு அறை ஃபிளாட் எடுத்து மனைவியையும் மகளையும் வரவழைத்தேன். மாயவரத்தில் ஒரு மனை வாங்கினேன். அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் உழைப்பு என்பேன். பொய் இல்லை. காலியான நாற்காலிகளும் காலியான ஃபிளாட்டுகளும் இல்லாமல் அந்த உழைப்புக்கு அந்த விலை வந்திருக்காது என்பதும் பொய் இல்லை. 1991-க்குப் பிறகு குவைத்தில் முன்னேறிய என் தலைமுறைத் தமிழர், மலையாளிகள் எல்லோருக்கும் இது பொருந்தும். ஊரில் வளைவு வைத்து வரவேற்றபோது யாரும் இதைச் சொல்லவில்லை.

நஷ்டஈடு பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது ஒழுங்காக நடந்த அபூர்வமான காரியம். 1991-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஜெனீவாவில் ஒரு ஆணையம் வைத்தது. இராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. வெளியேற நேர்ந்தவர்களுக்கு 'ஏ' பிரிவில் ஆளுக்கு 2,500 டாலரிலிருந்து, குடும்பத்துக்கு 5,000-லிருந்து. டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் குவைத்துக்கென்று தனிப் பிரிவு திறந்து விண்ணப்பங்களை வாங்கியது. தச்சர்களுக்கும் டிரைவர்களுக்கும் நான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அங்கேயும் நாலாவது கேள்வியோ ஐந்தாவது கேள்வியோ ஜின்ஸியாதான். பணம் வர வருஷங்கள் ஆனாலும் வந்தது. ஆணையம் கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தது 2022 ஜனவரியில். மொத்தம் 5,240 கோடி டாலர். இராக்கின் ஏழைகள் பொருளாதாரத் தடையில் மருந்தில்லாமல் கிடந்த காலத்தில் அவர்கள் எண்ணெயிலிருந்து வந்த பணம் அது. வாங்கிக்கொண்டோம்.

குவைத் மீண்டவுடன் அரசாங்கத்தில் பேசியது, இனி வெளியாட்கள் குவைத்திகளைவிட அதிகம் இருக்கக்கூடாது என்பது. இரண்டு மூன்று வருஷம்கூட அது தாங்கவில்லை. விசா விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது. கம்பெனி என்று ஒரு பெயர்ப்பலகையை மாட்டி, ஐம்பது விசா எடுத்து, தலைக்கு இவ்வளவு என்று விற்றுவிட்டு, வந்தவனைத் தெருவில் விட்டுவிடுவது. 18-ஆம் நம்பர் விசா கம்பெனி வேலைக்கு. 20-ஆம் நம்பர் வீட்டு வேலைக்கு. இருபதில் வந்தவன் பதினெட்டுக்கு மாற 'ரிலீஸ்' வாங்கக் கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த முதலாளிக்கு, காசு. மக்கள்தொகையைக் குறைக்கச் சட்டம் போட்ட அதே வர்க்கம்தான் அதைப் பெருக்கிச் சம்பாதித்தது. 2003-இல் அமெரிக்கா குவைத் வழியாக இராக்குக்குள் போனபோது இன்னொரு அலை: ராணுவ முகாம்களுக்குச் சமையல்காரர், சலவைக்காரர், லாரி டிரைவர். 2004-இல் ஒரு குவைத் கம்பெனியின் லாரி ஓட்டிய இந்தியர், கென்யர், எகிப்தியர் என ஏழு பேரை இராக்கில் பிடித்து வைத்து, செப்டம்பரில் விட்டார்கள். குவைத் விசாவில் வந்தவர்கள். யாருடைய போருக்கு லாரி ஓட்டினோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

பாலஸ்தீனியரின் கதை முற்றிலும் மூடிவிடவில்லை. 2004-இல் மஹ்மூத் அப்பாஸ் குவைத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். 2013-இல் தூதரகம் திறந்தது. ஆனால் ஒரு சமூகமாக அவர்கள் திரும்ப வரவில்லை. ஹவல்லியில் இப்போது எகிப்தியரும் சிரியரும் நம்மவர்களும். இந்தியர் பத்து லட்சம், வெளியாட்களில் முதலிடம். ஜோர்டானில் ஒரு தலைமுறை 'குவைத்திலிருந்து வந்தவர்கள்' என்ற அடையாளத்தோடு வளர்ந்து, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

பத்து லட்சம் என்பதால் நமக்கு அங்கே பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1990-இல் பாலஸ்தீனியருக்கு நம்மைவிடப் பெரிய பலம் இருந்தது. மொழி, மதம், நாற்பது வருஷப் பழக்கம், அமைச்சகங்களில் அதிகாரிகள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார்கள். 2020-இல் கொரோனா சமயத்தில், வெளியாட்களை 70-லிருந்து 30 விழுக்காடாகக் குறைக்கவேண்டும் என்று குவைத் பிரதமர் சொன்னார். இந்தியர் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு மசோதாவும் நாடாளுமன்றக் குழுவில் கிடந்தது. ஊரில் தொலைக்காட்சிகள் அலறின. என் பழைய அறைக்காரர்கள் போன் மேல் போன். 2024 ஜூனில் மங்காஃபில் தொழிலாளர் குடியிருந்த கட்டடம் எரிந்து 50 பேர் இறந்தபோதும் அவர்கள்தான் கூப்பிட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர், தமிழர்களும் உண்டு.

பிரதமர் சொன்ன கணக்கை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். சம்பளப் பட்டியல் எழுதிய கை சும்மா இருக்காது. அப்போது குவைத்திகள் 15 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. அவர்கள் 70 விழுக்காடு ஆகவேண்டுமென்றால் வெளியாட்கள் 6 லட்சத்துச் சொச்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 20-ஆம் நம்பர் விசாவில் இருக்கும் சமையல்காரர், வீட்டு டிரைவர், ஆயா ஆகியோரே ஏறத்தாழ அவ்வளவு பேர். அவர்களை வைத்துக்கொண்டால் எண்ணெய்க் கிணற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் சாலைக்கும் ஒரு ஆள்கூட வைக்க இடம் இல்லை. சட்டம் வராது என்று அப்போதே என் அறைக்காரர்களிடம் சொன்னேன். ஆனால் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடாமல் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருங்கள் என்றும் சொன்னேன். கொரோனா முடிந்ததும் குறைந்த எண்ணிக்கை திரும்ப ஏறியது. இந்த முறை பட்டியலில் நேப்பாளிகளும் ஆப்பிரிக்கர்களும் கூடியிருப்பதாகச் சொல்கிறார்கள். சம்பளம் நம்மவர்களைவிடக் குறைச்சலாம்.